இன்ஜின் ஓய்ந்த மத்தியானம்

அந்தச் சலவைக் கூடத்தில் அவளை எல்லோரும் மேஸ்திரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் ஆபரேஷன் அறைப் பச்சைத் துணிகளும் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கொதிக்கும் ரோலருக்குள் சுருக்கம் விழாமல் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது காய்ந்து மொடமொடவென்று வெளியே வரும். அந்த ரோலர் வரிசை முழுக்க அவள் பொறுப்பு.

கனத்த உடம்பு. நாலு படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "எனக்கு முன்னாடி என் வயிறு வேலைக்கு வந்துடும், நான் பின்னாடி மெதுவா வருவேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பிறர் சிரிப்பதற்கு முன்னால் தான் சிரித்துவிட வேண்டும் என்பதைப் பள்ளிக்கூட நாளிலேயே கற்றுக்கொண்டவள்.

சிரித்துச் சமாளிக்க முடியாதது தூக்கம். எத்தனை நேரம் படுத்து எழுந்தாலும் அடித்துப் போட்டதுபோல இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் கண் சொக்கும். ஒருமுறை முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எதிரில் தலை தொங்கிவிட்டது. தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கியாகிவிட்டது. அவளும் அதை நம்பினாள். சோம்பேறி உடம்பு, தின்ற சோறு, வேறென்ன என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு நாள் ரோலருக்கு முன்னால் நின்றபடியே தூங்கிப்போனாள். விரிப்பைப் பிடித்த கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது. எதிர்முனையைப் பிடித்திருந்த பெண் அலறிக்கொண்டே சிவப்புக் கட்டையைத் தட்டி மெஷினை நிறுத்தினாள். முழங்கைக்குக் கீழே தோல் வழன்றுவிட்டது.

புண்ணுக்கு மருந்து வைத்த டாக்டரம்மா, "எப்படி ஆச்சு?" என்று கேட்டாள்.

"கண் அசந்துட்டேன்மா."

"நின்னுக்கிட்டேவா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. குறட்டை விடுவீர்களா, தூக்கத்தில் மூச்சு முட்டி எழுந்துகொள்வீர்களா, காலையில் தலை வலிக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கூட வந்திருந்த கணவரைப் பார்த்தாள். அவர் பஸ் நிலையத்தின் ஓரத்தில் சாவி செய்து கொடுக்கும் கடை வைத்திருப்பவர். அதிகம் பேசாத மனிதர். "குறட்டை பரவாயில்லீங்க டாக்டர்," என்றார். "அது பழகிடுச்சு. நடுவுல நின்னு போகுதே, அப்பதான் எனக்கு முழிப்பு வந்துடும். மறுபடி ஒரு சத்தத்தோட இழுக்குற வரைக்கும் நான் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன்."

இதை அவர் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டித் தூங்கவைத்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "நீங்க தூங்கினதும் தொண்டை மூடிக்குது. மூச்சு நின்னு போகுது. மூளை பதறி உங்களை உலுக்குது. திரும்பத் தூங்குறீங்க, திரும்ப நிக்குது. விடியுற வரைக்கும் இதே கூத்துதான். நீங்க சோம்பேறி இல்லம்மா. பல வருஷமா நீங்க தூங்கவே இல்ல."

மேஸ்திரியம்மாவுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கை வெந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

சர்க்கரை, இரத்த அழுத்தம், தேய்ந்த முழங்கால், எல்லாவற்றுக்கும் மூலம் எடைதான் என்றார்கள். இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது என்று முடிவானது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவின் சாவி மயக்க மருந்து டாக்டரிடம் இருந்தது. ஒல்லியான, சிடுசிடுப்பான மனிதர்.

"சிபாப்னு ஒரு மெஷின் குடுப்பாங்க. மூக்குல மாஸ்க். அது காத்தை அழுத்தி உள்ள தள்ளி, தொண்டை மூடாம பார்த்துக்கும். தினமும் போட்டுத் தூங்கணும். போட்டீங்களா, ஏமாத்துனீங்களான்னு அந்த மெஷினே எனக்குச் சொல்லிடும். நல்லாப் பழகிட்டு வந்தா நான் மயக்கம் குடுப்பேன். இல்லன்னா மாட்டேன்."

"ஏன் டாக்டர், அதுல அவ்ளோ ஆபத்தா?"

"மயக்கத்துல தொண்டை இன்னும் தளர்ந்து போகும். எழுப்பும்போது மூச்சு அடைச்சுக்கிட்டா, உங்க உடம்பு எனக்கு ரொம்ப நேரம் குடுக்காது."

மெஷின் வீட்டுக்கு வந்தது. ரொட்டிப் பெட்டி அளவுக்கு ஒரு கருவி, அதிலிருந்து நெளிந்த நீளக் குழாய், நுனியில் சிலிக்கான் மூடி, தலையைச் சுற்றிக் கட்டப் பட்டைகள். மாட்டிக்கொண்டதும் காற்று பெருக்கெடுத்து மூக்கில் ஏற, யாரோ தலையைப் பிடித்து ஓடும் ரயிலின் ஜன்னலுக்கு வெளியே நீட்டியதுபோல இருந்தது. வாயைத் திறந்தால் காற்று வாய்வழியே பீறிட்டது. பேச வரவில்லை. கண்ணை மூடினால் சாவதுபோல ஒரு பயம். முதல் நாள் கழற்றி எறிந்தாள். அடுத்த நாளும் எறிந்தாள். அதற்கடுத்த நாள் மாட்டியபடியே தூங்கியவள், எழுந்து பார்த்தால் மாஸ்க் கட்டிலுக்கு அடியில் கிடந்து தன்பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது. எப்போது பிடுங்கினாள் என்றே தெரியவில்லை.

மெஷின் பொருத்திக் கொடுத்த பெண் ஒரு யோசனை சொன்னாள். "தூக்கத்துக்குன்னு மாட்டாதீங்க அக்கா. பகல்ல டிவி பார்க்கும்போது மாட்டிக்கிட்டு உட்காருங்க. மூஞ்சிக்கு முதல்ல பழக்கமாகட்டும்."

கைப்புண்ணுக்காக விடுப்பில் இருந்ததால் பகலெல்லாம் அவளுக்கு நேரம் இருந்தது. வீட்டுக் கூடத்துச் சோபாவில், மாஸ்க்கோடு, டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காற்றோடு மல்லுக்கட்டுவதை விட்டாள். அது உள்ளே வரும்போது வரவிட்டு, போகும்போது போகவிட்டாள்.

அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோதுதான் அண்ணன் வந்தார்.

அண்ணன் டவுன் பஸ் டிரைவர். அவளுக்கு ஐந்து வயது மூத்தவர், அதே உடம்புவாகு. கல்யாணம் ஆனபோது ஈர்க்குச்சிபோல இருந்தவர், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து ஊதிப்போனார். டிப்போ ஓய்வறையில் அவர் விடும் குறட்டைக்காக அங்கே அவருக்கு 'இன்ஜின்' என்று பெயர். டிரைவர் கண்டக்டர் எல்லோருக்கும் அவர் இன்ஜின் அண்ணன்தான்.

வாசலில் செருப்பைக் கழற்றியவர் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "என்ன பாப்பா இது! யானைக்குத் தும்பிக்கை வச்சாச்சா?"

அவள் மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, "மத்ததெல்லாம் ஏற்கெனவே இருந்துச்சு. இது ஒண்ணுதான் குறையா இருந்துச்சு" என்றாள்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எடு, எடு என்று வாங்கித் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, விமானம் ஓட்டுபவர்போல நெற்றியில் கை வைத்துச் சல்யூட் அடித்தார். ஒருவர் மாஸ்க்கை இன்னொருவர் போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அது நினைவுக்கு வந்தும், அவர் சிரிப்பதைப் பார்த்து அவள் பேசாமல் இருந்தாள். பட்டைகளை அவர் தலைக்குத் தளர்த்தியும் கொடுத்தாள். "சும்மா சாய்ஞ்சுக்கோண்ணே. காத்தை எதிர்க்காதே."

அவர் சாய்ந்தார். டிவியில் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. அவள் துணி மடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் தூங்கியிருந்தார். சத்தமே இல்லை. அவர் குறட்டையில்லாமல் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. வாய் மூடியிருந்தது. நெற்றியில் எப்போதும் நிற்கும் அந்தச் சுருக்கம் அவிழ்ந்திருந்தது. எழுப்ப மனம் வரவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு அவரே எழுந்தார். மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தபடி இருந்தார்.

"என்னண்ணே?"

"தெரியலை பாப்பா. தலைக்குள்ள யாரோ கழுவி விட்ட மாதிரி இருக்கு." குரல் தாழ்ந்துவிட்டது. "எத்தனை வருஷமாச்சு இப்படி முழிச்சு."

"அப்ப நீயும் போய் டெஸ்ட் பண்ணிக்கோ. அந்த டாக்டரம்மா தங்கமானவங்க. நானே கூட வர்றேன்."

அண்ணன் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "தூக்க வியாதின்னு ஒரு பேப்பர் வந்தா மறுநாளே ஸ்டியரிங்கைப் புடுங்கிடுவாங்க. டிப்போ வாசல்ல உட்கார்ந்து வர்ற வண்டி போற வண்டியை எண்ணுன்னு சொல்லுவாங்க. இல்ல, வீட்டுக்குப் போன்னு சொல்லுவாங்க. பஸ் ஓட்டறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

"வண்டில கண்ணு சொக்குதாண்ணே?"

அவர் மடியிலிருந்த மாஸ்க்கின் பட்டையை முறுக்கினார்.

"அண்ணே, உன்னைத்தான் கேட்கிறேன்."

"சிக்னல்ல. ரெண்டொரு தடவை. பின்னாடி ஹாரன் அடிச்சான், முழிச்சுக்கிட்டேன்." உடனே முகத்தை நிமிர்த்திக்கொண்டார். "இன்னி வரைக்கும் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிச்சதில்ல நான்."

"வண்டி நிறைய ஆளு உட்கார்ந்திருக்காங்களே."

"தெரியும் பாப்பா. எனக்குத் தெரியாதா?" அவர் எழுந்து செருப்பை மாட்டினார். "உன் ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும். நீ எழுந்து நட. அப்புறம் நான் போறேன். அதுவரைக்கும் அண்ணி காதுல மட்டும் போட்டுடாதே. அவளுக்குத் தெரிஞ்சா டிப்போவுக்கே வந்து நின்னுடுவா."

அவள் சரி என்றாள். ஆபரேஷனுக்கு அதிக நாள் இல்லை. அண்ணன் சொன்னால் செய்வார் என்று நம்பினாள். ஆனால் அன்றிலிருந்து அவர் ஓட்டும் தடத்துப் பஸ் தெருவில் போனால் அவளுடைய கண் தானாகவே டிரைவர் இருக்கைக்குப் போகும். அவர் தலை நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேறு வேலை ஓடும்.

மெஷின் அவளுக்குப் பழகிவிட்டது. கன்னத்தில் பட்டையின் தடம் சிவந்து கிடக்கும். கை ஆறி வேலைக்குத் திரும்பியபோது சலவைக் கூடத்துப் பெண்கள், "என்ன மேஸ்திரியம்மா, வீட்டுக்காரர் கடிவாளம் போட்டுட்டாரா?" என்று கேலி செய்தார்கள். கேலிக்குப் பதில் சொல்ல இப்போது அவளிடம் தெம்பு இருந்தது. மத்தியானத்திலும் கண் திறந்திருந்தது. கணவர் சாவிக்காரருக்குத்தான் தூக்கம் கெட்டது. சத்தமே இல்லாமல் படுத்திருப்பவளைப் பார்த்துப் பயந்து, மாஸ்க்கிலிருந்து காற்று வெளியேறும் ஓட்டைக்கு நேரே கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். மயக்க டாக்டர் மெஷினின் கணக்கைப் பார்த்துவிட்டு, முதல்முறையாகச் சிரித்ததுபோல ஒரு முகம் காட்டினார். தேதி குறித்தார்கள்.

தேதிக்குச் சில நாள் இருக்கும்போது, டிப்போவிலிருந்து சாவிக்கடைக்கு ஆள் வந்தது.

காலை ஓட்டம் முடித்து, சாப்பிட்டுவிட்டு, அண்ணன் ஓய்வறைப் பெஞ்சில் படுத்திருக்கிறார். சாயங்கால ஓட்டத்துக்குக் கூப்பிடப் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் பெஞ்சில் படுத்திருந்த டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். அவரை யாராலும் சமாதானப்படுத்த முடியவில்லை. அவர் அழுகைக்கு நடுவே சொன்னது மேஸ்திரியம்மாவின் காதில் விழுந்தது.

"குறட்டை நின்னுச்சு. எல்லாரும் கேட்டோம். அப்பாடா, இன்ஜின் ஆஃப் பண்ணிட்டாரு, இனிமேலாவது நாம தூங்கலாம்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுட்டுத் திரும்பிப் படுத்துட்டோம்."

அண்ணன் வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "கொடுத்து வச்ச மனுஷன். நோய்ல படுக்கலை, யாருக்கும் பாரமில்ல. தூக்கத்துலயே அமைதியாப் போயிட்டாரு." அண்ணி அதற்கெல்லாம் தலையாட்டினாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரியம்மாவால் அங்கே இருக்க முடியவில்லை. அந்த அமைதி எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தொண்டை அடைத்து, நெஞ்சு காற்றுக்காக எக்கி எக்கி, உடம்பு முழுக்க வியர்த்து எழும் அந்த நிமிஷத்தை அவள் எத்தனையோ முறை அனுபவித்தவள். கொல்லைப்புறம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

மேஸ்திரியம்மா அண்ணியின் வீட்டிலேயே தங்கினாள். கூடம் நிறைய உறவுக்காரப் பெண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், செத்தவனின் தங்கை, தும்பிக்கை மாட்டிக்கொண்டு படுப்பதா? மெஷினைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எல்லோரும் போய், தன் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் எடுக்க மனம் வரவில்லை. அவருக்குக் கிடைக்காத காற்று எனக்கு மட்டும் எதற்கு என்று தோன்றியது. சாவிக்காரர் ஒருமுறை பெட்டியை எடுத்துக் கட்டில் அருகே வைத்தார். அவள் அதைக் காலால் தள்ளினாள். அவர் வாதாடவில்லை. பழையபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மயக்க டாக்டர் ஆபரேஷனை நிறுத்திவிட்டார். "மெஷின் சும்மா கிடந்திருக்கு" என்று மட்டும் சொன்னார். காரணத்தைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார். "உங்க அண்ணனை எனக்குத் தெரியாது. உங்களை எனக்குத் தெரியும். திரும்பப் போட ஆரம்பிங்க. நான் காத்திருக்கேன்."

"இந்த மெஷின் இருந்திருந்தா அவர் பிழைச்சிருப்பாரா டாக்டர்?"

"நிச்சயமா சொல்ல முடியாதும்மா. பல வருஷமா இதயம் அடி வாங்கியிருக்கும். ஆனா வாய்ப்பு அதிகமாகியிருக்கும்."

இன்னொரு கேள்வியோடு அண்ணி அவளைத் தேடி வந்தாள். சலவைக் கூடத்து வாசலில், சாப்பாட்டு நேரத்தில், துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றாள். டிப்போவில் அந்தப் பக்கத்துப் பெஞ்சு டிரைவர் என்னவோ சொல்லியிருக்கிறார்.

"உனக்கு வந்த வியாதிதான் அவருக்கும் இருந்துச்சாமே. அப்படியா?"

"ஆமாம் அண்ணி. இருந்திருக்கும்."

"அவருக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சாவிக்காரரும் அதைத்தான் சொல்லச் சொல்லியிருந்தார்: செத்தவர் திரும்பி வரப் போறதில்ல, இருக்கறவங்களையாவது நிம்மதியா விடு. ஆனால் அண்ணியின் கண் அவள் கன்னத்தில், அன்றுதான் மறுபடி விழுந்திருந்த பட்டைத் தடத்தில் இருந்தது. மேஸ்திரியம்மாவுக்குப் பொய் வரவில்லை. சோபாவில் நடந்த அந்த மத்தியானத்தை, அவர் சிரித்தது முதல் செருப்பு மாட்டியது வரைக்கும், அப்படியே சொன்னாள்.

அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாரு. வேலை போயிடும்னு பயந்தாரு அண்ணி."

"போகட்டுமே! வேலை போனா என்ன? வாசல்ல உட்கார்ந்து வண்டி எண்ணிக்கிட்டு இருந்திருப்பாரு. இருந்திருப்பாருல்ல?" அண்ணியின் குரல் உயரவில்லை. அது உயர்ந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "நீ உன் உயிருக்கு மெஷின் வாங்கி வச்சுக்கிட்டே. அவருக்கு ரகசியம் காத்தே."

போய்விட்டாள். உள்ளே ரோலர் ஓடத் தொடங்கியது. மேஸ்திரியம்மா அன்று மூன்று விரிப்புகளைச் சுருக்கம் விழக் கொடுத்தாள்.

ஆபரேஷன் தள்ளிப்போய்தான் நடந்தது. ஆஸ்பத்திரிக்கு மெஷினையும் தூக்கிக்கொண்டு போனாள். மேசையில் படுக்கவைத்தபோது அவளுக்குக் கீழே இருந்த பச்சை விரிப்பு அவளுடைய கூடத்திலிருந்து வந்ததுதான். தையலைப் பார்த்தே தெரிந்தது. மயக்க டாக்டர் காதருகில் குனிந்து, "எழுப்பறது என் பொறுப்பு" என்றார். எழுப்பினார். கண் திறந்தபோது மூக்கில் மாஸ்க் இருந்தது, காற்று ஊதிக்கொண்டிருந்தது. வலியில் உயிர் போனது. ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் குடிக்கக்கூடப் பயிற்சி தேவைப்பட்டது. தையல் ஓரிடத்தில் சீழ் வைத்து, திரும்பவும் போய்ப் படுத்துவிட்டு வந்தாள். அண்ணி பார்க்க வரவில்லை. வரமாட்டாள் என்று தெரிந்தும், வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் அவள் அந்தப் பக்கம் பார்த்தாள்.

மாதங்கள் போயின. உடம்பு வடிந்தது. பழைய சட்டைகள் கோணிப்பைபோலத் தொங்கின. தோல் மடிப்பு மடிப்பாகத் தளர்ந்தது. தலைமுடி கொத்தாகக் கழன்றது. அண்ணன் சாவு பற்றி அறியாதவர்கள், "ஆளே மாறிட்டீங்களே, சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிப் பழகிக்கொண்டாள். முழங்கால் வலி குறைந்தது; படி ஏற முடிந்தது. மெஷினை மட்டும் இன்னும் விட முடியவில்லை. திரும்பச் சோதனை செய்துதான் சொல்வோம் என்றார்கள்.

ஒரு காலையில் மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது அண்ணி உள்ளே வந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி திரும்பிப் போய்விடுவாள் என்று மேஸ்திரியம்மா எதிர்பார்த்தாள். அண்ணி போகவில்லை. கதவைப் பிடித்தபடியே நின்று அவள் முகத்தையே பார்த்தாள்.

"இளைச்சதும் அப்படியே அவரு மூஞ்சி வந்துடுச்சு உனக்கு," என்றாள். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப இருந்த மூஞ்சி. இதே கன்னம், இதே தாடை."

அந்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று மேஸ்திரியம்மாவுக்குத் தெரியவில்லை. கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பில்லை எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அந்த மூடியை இன்னும் மாட்டிக்கிறியா?"

"மாட்டிக்கிறேன் அண்ணி."

"மாட்டிக்கோ."

தனக்கு வேண்டிய மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவளைத் தொடாமல், ஒதுங்கி, அண்ணி தெருவில் இறங்கி நடந்தாள். மேஸ்திரியம்மா வேலைக்குப் போக நேரமாகியும், அந்தத் தலை கூட்டத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு இருவரும் சந்திக்கும்போது ஓரிரு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள். அவளுடைய வீட்டுக்கு அண்ணி இன்றுவரை வந்ததில்லை.